இடம் இருந்தும் இடமில்லை!

கொடைக்கானலை அடுத்த பேத்துப்பாறையில், உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் ஏற்ற முயன்றோம். காலமான பாட்டியின் பேச்சு அதில்தான் இருக்கிறது. 20 ஜி.பி. இடம் காலி, வீடியோவோ 6 ஜி.பி.தான். ஆனாலும், "கோப்பு மிகப் பெரிது" என்று மறுத்துவிட்டது!

பென் டிரைவ் பழுதில்லை. 1996-ல் வந்த 'ஃபேட் 32' என்ற பதிவு முறை, ஒரே கோப்பு 4 ஜி.பி.யை எட்டினால் ஏற்காது. கணக்கு நோட்டில் ஐந்து இலக்கத்துக்கே கட்டம் போட்டுவிட்டு, லட்சத்தை எழுத முடியுமா?

2006-ல் வந்த 'எக்ஸ் ஃபேட்' முறைக்கு 'ஃபார்மட்' செய்தோம், வீடியோ ஏறியது. ஆனால் சகோதரிகளே, ஃபார்மட் செய்தால் உள்ளே இருக்கும் படங்கள் அத்தனையும் போய்விடும். முதலில் அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்த பிறகே பிடுங்குங்கள். அவசரப்பட்டால் பதிவு பாதியில் நின்றுவிடும்!