ஐந்து கட்டத்துக்குள் மனசு

கல்லூரி நாட்களில் ஒரு மதிய வேளை, ஆராய்ச்சி மாணவி ஒருவர் கட்டுக் காகிதத்தோடு எங்கள் வகுப்புக்கு வந்தார். "பேர் எழுத வேண்டாம், மனசுல பட்டதை டிக் பண்ணுங்க" என்றார். முதல் வரி: 'புதியன கற்கும் ஆர்வத்தாலேயே படிக்கிறேன்.' பக்கத்தில் ஐந்து கட்டங்கள். கேட்ட பாடம் கிடைக்காமல் கிடைத்ததில் சேர்ந்தவன் நான். பேனா நடுக்கட்டத்தில் கொஞ்சம் தயங்கியது. பிறகு நகர்ந்து 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதில் டிக் அடித்தது. பேர் இல்லாத தாளில் யாரிடம் நல்ல பேர் வாங்கப் பார்த்தேன்? என்னிடமேதான்.

அந்தக் கட்டங்களை 1932-இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட். கருத்தை அளக்க எளிய வழி. இன்றைக்கும் ஊக்கத்தை அளக்க அதைத்தான் நீட்டுகிறார்கள்.

நானாவது தெரிந்து பூசி மெழுகினேன். தெரியாமலே தவறிச் சொல்வதும் உண்டு. உளவியலாளர்கள் நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே பலரும் எடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை.

ஊக்கத்தை அளக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வேறு வழி பார்த்தார். மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். இடையில் எட்டு நிமிடம் தனியே விடுவார். மேசையில் பத்திரிகைகளும் கிடக்கும். அந்த நேரத்தில் புதிரைத் தொடுகிறார்களா என்று மறைவாகக் கண்ணாடி வழியே கவனித்தார்கள். காசு வாங்கி விளையாடியவர்களுக்கு, காசு நின்றதும் புதிர்மேல் இருந்த நாட்டம் குறைந்தது.

இப்படிப்பட்ட 128 ஆய்வுகளை டெசியும் கூட்டாளிகளும் 1999-இல் சேர்த்து அலசினார்கள். பரிசு கொடுத்ததால், ஆட்கள் தாமாக விரும்பிச் செய்வது மொத்தத்தில் குறைந்திருந்தது. 'பிடித்திருந்ததா?' என்று கேட்டு வாங்கிய பதிலிலோ அந்தச் சரிவு தென்படவில்லை. ஒரே ஆளின் கை ஒன்று சொல்கிறது, வாய் இன்னொன்று சொல்கிறது.

அதற்காகக் கேட்பதையே விட்டுவிட முடியாது. ஆசையும் அலுப்பும் அவரவர் சொன்னால்தான் வெளியே தெரியும். ஆனால், 'ஏன்' என்று கேட்டால் மனசு உடனே ஒரு நல்ல கதை கட்டிவிடும். 'நேற்று என்ன செய்தாய்' என்றால் கதைக்கு அவ்வளவு இடமில்லை. பாடப் புத்தகம் தவிர முந்தைய நாள் என்ன படித்தாய் என்று அந்தத் தாள் என்னைக் கேட்டிருந்தால், பேனா தயங்கியிருக்காது. ஒன்றும் படிக்கவில்லை.