மனு இறங்கிய மலையில் கடல் சங்குகள்

உலகையே மூழ்கடித்த பிரளயத்தின் கதை மனாலியில் கோயிலாக நிற்கிறது. சுமார் 200 கி.மீ. தள்ளி, ஸ்பிதியின் பாறைகள் வேறு கதை சொல்கின்றன.

பழைய மனாலியின் செங்குத்தான தெருவில், காபிக் கடைகளையும் கம்பளிக் கடைகளையும் தாண்டி மூச்சு வாங்க ஏறினால் மரமும் கல்லுமாக ஒரு கோயில் வருகிறது. உள்ளே இருப்பவர் சிவனோ விஷ்ணுவோ அல்ல, மனு. மனிதகுலத்தின் முதல் தகப்பன் என்று புராணங்கள் சொல்லும் அதே மனு. அவருக்குக் கோயில் இருப்பதே அபூர்வம். 'மனு ஆலயம்'தான் மனாலி ஆயிற்று என்பது ஊர்க்காரர்களின் விளக்கம். பிரளயம் வடிந்தபோது மனுவின் படகு வந்து தட்டிய இடம் இந்த மலைதான் என்கிறார்கள்.

கதை பழசு. கை கழுவக் கொண்டுவந்த நீரில் ஒரு சின்ன மீன் வந்து, தன்னைக் காப்பாற்றினால் வரப்போகும் வெள்ளத்திலிருந்து உன்னைக் காப்பாற்றுவேன் என்று மனுவிடம் பேரம் பேசுவது சதபத பிராமணத்தில் வருகிறது. மீன் வளர்ந்து பெரிதாகிறது. படகை அதன் கொம்பில் கட்டிக்கொண்டு மனு வடக்கு மலைக்குப் போய்ச் சேர்கிறார். மகாபாரதத்தில் படகில் ஏழு ரிஷிகளும் ஏறிக்கொள்கிறார்கள், படகைக் கட்டிய சிகரத்துக்கு நௌபந்தனம் என்று பெயரும் வந்துவிடுகிறது. பாகவதம் எழுதப்பட்ட காலத்தில் கதை தெற்கே நகர்ந்திருக்கிறது. அங்கே மீனைக் கையில் ஏந்தியவன் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன், நதி கிருதமாலா. அது வைகையேதான் என்று சொல்லும் வைணவப் பெரியவர்கள் உண்டு. ஆக, மதுரைப் பக்கம் தொடங்கி மனாலியில் முடிகிற பயணம்.

மனாலியில் வெள்ளம் என்பது புராணச் சொல் மட்டுமல்ல. 1995 செப்டம்பரில் பியாஸ் நதி கரைகளை வாரிக்கொண்டு போனது. 2023 ஜூலையில் பெய்த பேய் மழையில் குலு-மனாலி நெடுஞ்சாலை பல இடங்களில் காணாமல் போனது. கட்டடங்கள் சீட்டுக்கட்டு போல் ஆற்றில் சரிவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உலகம் முழுவதும், மலைச் சிகரங்கள் வரை, ஒரே சமயத்தில் மூழ்கியதா? மனுவுக்கு மட்டுமல்ல, நோவாவுக்கும் நூஹ் நபிக்கும் சொந்தமான கேள்வி இது. 1872-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், மெசபடோமியக் களிமண் பலகை ஒன்றிலும் கிட்டத்தட்ட இதே கதை இருப்பதைக் கண்டுபிடித்தபோது ஐரோப்பா பரபரத்துப் போனது. இத்தனை பேர் சொல்லும் கதை எப்படிப் பொய்யாகும் என்பது ஒரு கட்சி. ஆற்றங்கரையில் வாழ்ந்த எல்லா ஜனங்களும் வெள்ளத்தைப் பார்த்தவர்கள்தானே என்பது எதிர்க்கட்சி. வாதத்தைத் தீர்க்க வேண்டுமானால் ஏடுகளை விட்டுவிட்டுப் பாறைகளைக் கேட்க வேண்டும். அதற்கு மனாலியிலிருந்து வண்டி பிடித்தால் ஒரு பகல் பயணம்.

2020-ல் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் ரோதங் கணவாயின் பனியையும் டிராபிக் ஜாமையும் தவிர்த்துவிட்டது. சுரங்கத்தின் மறுமுனையில் தேவதாருக்கள் குறைந்து வெறும் பாறை ஆரம்பிக்கிறது. கிராம்பூவில் திரும்பியபின் இருப்பதை ரோடு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பத்தலில் டீ. அதன்பின் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாயில் கொடிகள் படபடக்க, வண்டிகள் ஸ்தூபிகளை ஒரு முறை சுற்றிவிட்டு இறங்குகின்றன. கீழே ஸ்பிதி. மழை எட்டிப் பார்க்காத குளிர்ப் பாலைவனம். மரம் இல்லாததால் மலைகள் தங்கள் உள்ளாடையைக்கூட மறைப்பதில்லை. கறுப்பு, வெளுப்பு, செம்மை, சாம்பல் என்று அடுக்கடுக்கான படுகைகள். சில இடங்களில் அவை துணி மடித்தாற்போல் வளைந்து கிடக்கின்றன.

காஜாவிலிருந்து இன்னும் ஏறினால் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் லாங்சா. சில டஜன் வெள்ளை வீடுகள், பட்டாணி வயல்கள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தர் சிலை. ஊருக்கு மேலே கறுத்த களிப்பாறைச் சரிவில் உருண்டைக் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றைத் தட்டிப் பிளந்தால் உள்ளே சுருண்டு கிடக்கிறது ஒரு சங்கு. ஆட்டுக்கொம்பு போல் வரிகள். அம்மோனைட் எனப்படும் கடல் பிராணி. இதே கரும்பாறையின் தொடர்ச்சிதான் நேபாளத்தில் முக்திநாத் வழியாகப் போகிறது. அங்கே கண்டகி நதி உருட்டிக் கொடுக்கும் இதே கல்லைத்தான் தமிழ் வீடுகளின் பூஜையறையில் சாளக்கிராமம் என்று வைத்திருக்கிறார்கள். மீனாக வந்த விஷ்ணுவுக்குக் கடல் பிராணியின் கல் அடையாளமாக அமைந்தது வேடிக்கையான பொருத்தம்.

நாலரை கிலோமீட்டர் உயரத்தில் கடல் சங்கு. பிரளயக் கட்சிக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? 1823-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியரும் பாதிரியாருமான வில்லியம் பக்லேண்ட் அப்படித்தான் நினைத்தார். அவர் கையில் கிடைத்தது சங்கு அல்ல, இமயத்தில் 16,000 அடி உயரத்திலிருந்து வந்த குதிரை, மான் எலும்புகள். உயர்ந்த மலைகளையும் வெள்ளம் மூடியதற்கு அவற்றையும் ஆதாரமாகத் தன் புத்தகத்தில் சேர்த்தார். பக்லேண்ட் முட்டாள் அல்ல, அன்றைய இங்கிலாந்தின் முதல்தர மண்ணியல் நிபுணர். அதனால்தான் அடுத்து நடந்தது முக்கியமாகிறது. 1831-ல் அவருடைய சகாவும் இன்னொரு பாதிரியாருமான ஆடம் செட்ஜ்விக், லண்டன் மண்ணியல் கழகத்தின் தலைவர் நாற்காலியிலிருந்து, பிரளயக் கொள்கையைத் தான் பரப்பியது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 1836-ல் பக்லேண்டும் விலகிக்கொண்டார். டார்வினின் புத்தகம் வெளிவர இன்னும் 23 ஆண்டு இருந்தது. பிரளயத்தைக் கைவிட்டவர்கள் நாத்திகர்கள் அல்ல, அதை நிரூபிக்கப் புறப்பட்ட பாதிரியார்கள்.

ஸ்பிதியை முறையாகப் படித்தவர், இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1860களில் இந்தச் சரிவுகளில் நடந்து, எதன் மேல் எது இருக்கிறது என்று கணக்கெடுத்தார். கியூமல், சிக்கிம் (மாநிலமல்ல, இங்குள்ள கிராமம்), முத் என்று அவர் வைத்த படுகைப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 1874-ல் கரகோரத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். கல்லறை லேயில் இருக்கிறது.

அவரும் பின்வந்தவர்களும் போட்ட கணக்கில்தான் பிரளய வாதம் சிக்கிக்கொள்கிறது. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து போட்டிருந்தால், சகலமும் கலந்து கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. பராஹியோ பள்ளத்தாக்கில், சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையான அடிப் படுகையில் டிரைலோபைட் என்கிற கவசப் பூச்சிகள் இருக்கின்றன, ஒரு அம்மோனைட் கூடக் கிடையாது. லாங்சாவின் சுமார் 15 கோடி ஆண்டுக் கரும்பாறையில் அம்மோனைட்டுகள் குவிந்திருக்கின்றன, ஒரு டிரைலோபைட் கூட இல்லை. இரண்டும் கடல்வாசிகள், இரண்டிலும் விரலளவும் உண்டு, உள்ளங்கை அளவும் உண்டு. கனமானது முதலில் மூழ்கியது, வேகமாக ஓடத் தெரிந்தது மேலே ஏறியது என்ற விளக்கம் இங்கே எடுபடாது. நடுவில் உள்ள டிரையாசிக் சுண்ணாம்புப் படுகைகளில் ஓட்டின் கோடுகள் மட்டும் மாறி, இனத்துக்கு இனம் வேறுபடும் அம்மோனைட்டுகள் வரிசை தப்பாமல் வருகின்றன. ஆல்ப்ஸிலும் கனடாவிலும் அதே வரிசை. எந்த வெள்ளத்துக்கு இவ்வளவு ஒழுங்கு தெரியும்?

இன்னும் சங்கடமானது பின் பள்ளத்தாக்கின் காலடித் தடங்கள். முத் கிராமத்தின் பெயர் கொண்ட வெள்ளைப் பாறை, சுமார் 40 கோடி ஆண்டுக்கு முன் கடற்கரை மணலாக இருந்தது. அதன்மேல் பெரிய தேள் போன்ற பலகால் பிராணிகள் நடந்துபோன வரிசைத் தடங்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேலேயும் கீழேயும் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படுகைகள். எல்லாம் ஒரே ஆண்டில் பொங்கிய வெள்ளத்தின் வேலை என்றால், உலகமே கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த நடுவாந்திரத்தில் இந்தப் பிராணி ஈர மணலில் காலாற நடந்தது எப்படி? அதற்கு மேலே பவளத் திட்டுகள் வேறு இருக்கின்றன. பவளம் கட்டுவது மில்லிமீட்டர் கணக்கில், தெளிந்த நீரில். சேறு கலந்தாலே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

தண்ணீர்க் கணக்கும் உதைக்கிறது. பூமியில் உள்ள மொத்த நீர் சுமார் 138 கோடி கன கி.மீ. அதில் பெரும்பகுதி ஏற்கனவே கடலில்தான் இருக்கிறது. துருவங்களின் பனி முழுவதும் உருகினால் கடல் மட்டம் 70 மீட்டர் வரை உயரலாம். சென்னை போகும், லாங்சாவுக்குச் செய்தி கூட எட்டாது. காற்றில் உள்ள ஈரம் அத்தனையும் மழையாகக் கொட்டினால் உலகம் முழுவதும் இரண்டரை செ.மீ. தேறும். 2014-ல் பூமியின் ஆழத்துத் தாதுக்களில் நீர் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்ததும், பாதாள ஊற்றுகள் கிடைத்துவிட்டன என்று சிலர் துள்ளினார்கள். அது பாறையின் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். பீறிட்டு வரக் காத்திருக்கும் ஏரி அல்ல.

பிரளயக் கட்சியிடம் பதில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1961-ல் விட்காம், மோரிஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்துக்குப் பின் அந்த வாதம் புத்துயிர் பெற்றது. அன்று மலைகள் இவ்வளவு உயரம் இல்லை, வெள்ளம் வடியும்போதுதான் நிமிர்ந்தன என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மலைகள் அன்று இல்லைதான். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவை முட்டி, நடுவில் இருந்த டெதிஸ் கடலின் தரையை மேலே நெம்பியது. சங்கைத் தேடித் தண்ணீர் மேலே வரவில்லை, சங்கைச் சுமந்துகொண்டு தரைதான் மேலே போனது. அந்த முட்டல் இன்றும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதைச் செயற்கைக்கோள் கருவிகள் அளக்கின்றன. இதையெல்லாம் ஒரே ஆண்டுக்குள் திணித்தால் பாறைகள் உராய்ந்து எழும் வெப்பத்தில் மனுவும் படகும் மீனும் வெந்துபோயிருக்கும்.

இன்னொரு கட்சியும் உண்டு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, பார்த்தீர்களா நம் முன்னோரை என்று ஆரம்பிப்பார்கள். எண்கள் அருகருகே வந்தது தற்செயல். புராணத்தின் பிரளயங்களோ திரும்பத் திரும்ப வருபவை. இமயத்தின் படுகைகளில் அதற்கும் இடமில்லை.

அறிவியலுக்கு வெள்ளம் என்றாலே ஒவ்வாமை என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க வாஷிங்டன் மாநிலத்தின் பிளந்த நிலப்பரப்பை ராட்சத வெள்ளம் ஒன்றுதான் செதுக்கியது என்று 1923-ல் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் சொன்னபோது சகாக்கள் கேலி செய்தார்கள். தடயங்கள் குவிந்ததும் ஒப்புக்கொண்டார்கள். 1979-ல், 96 வயதில், மண்ணியலின் உயர்ந்த பதக்கம் அவருக்கு வந்தது. காஷ்மீர் ஒரு காலத்தில் சதீசரஸ் என்ற ஏரி என்கிறது நீலமத புராணம். அந்தப் பள்ளத்தாக்கின் கரேவா மேட்டுமண் ஏரிப் படிவமே என்று மண்ணியலும் ஒத்துக்கொள்கிறது. அதை மனிதக் கண் பார்த்ததா என்பது தனி வழக்கு.

ஸ்பிதியிலும் நிஜ வெள்ளங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், நிலச்சரிவுகள் நதியை அடைத்ததால் உண்டான பழைய ஏரிகளின் மென்மையான வண்டல் சுவர் போல் நிற்கிறது. இது பழங்கதையும் அல்ல. 2004-ல் திபெத்தில் பரேசூ நதியை நிலச்சரிவு மறித்து ஏரி உண்டாயிற்று. 2005 ஜூன் 26 அன்று அது உடைந்து, சும்தோவில் ஸ்பிதியோடு கலந்து, சட்லெஜ் வழியாகப் பாலங்களையும் ரோடுகளையும் அடித்துக்கொண்டு போனது. இப்படிப்பட்ட வெள்ளம் விட்டுப்போவது கல்லும் மண்ணும் தாறுமாறாகக் கலந்த குப்பை. லாங்சாவின் நுண்மையான கரும்படிவத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. நதிக்கரையில் வாழ்ந்தவன் அப்படியொரு நாளில் தப்பி ஓடி மலையேறியிருந்தால், உலகமே முழுகிவிட்டது என்றுதான் பேரனிடம் சொல்லியிருப்பான். அவன் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

லாங்சாவில் வண்டிகள் நின்றதும் பொடியன்கள் ஓடிவருகிறார்கள். கையில் அம்மோனைட்டுகள். பேரம் நடக்கிறது. மாத வருமானத்துக்கு வழியில்லாத ஊரில் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் சங்கு எந்தப் படுகையில், எதற்கு மேல், எதற்குக் கீழ் இருந்தது என்பதுதான் சாட்சியம். பயணியின் பைக்குள் போன சங்கு வெறும் அலங்காரப் பொருள், அதை வைத்து எந்தக் கட்சியும் எதையும் நிரூபிக்க முடியாது. ஊருக்கு அருகில் உள்ள சரிவில் இப்போது நல்ல சங்கு தேடப் பொடியன்கள் முன்னைவிட மேலே ஏற வேண்டியிருக்கிறது. வண்டிகள் கிளம்பும்போது பின்சீட்டில், செய்தித்தாளில் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றாவது குலுங்கிக்கொண்டு போகிறது.