கொல்லிமலையில் புற்றுக்காளான் தேடி ஒரு நடை

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் செம்மேடு வந்துவிடும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், காபி, பலா, வாழை, மரவள்ளி என்று தோட்டங்கள். இடையிடையே காடு. நல்ல மழை பெய்து மறுநாள் வெயில் எட்டிப்பார்த்தால், தோட்டத்து ஓரங்களிலும் வரப்புகளிலும் கண்கள் தரையைத் துழாவ ஆரம்பித்துவிடும். தேடுவது புற்றுக்காளான்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று கிராமங்களில் சொல்வார்கள். உண்மையில் வேலை நடப்பது மண்ணுக்குள். கறையான்கள் சருகையும் காய்ந்த மரத்தையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு புற்றுக்குள் பஞ்சு போன்ற அடுக்குகளைக் கட்டுகின்றன. அதில் ஒரு பூஞ்சணத்தை வளர்க்கின்றன. செரிக்க முடியாத நாரைப் பூஞ்சணம் பக்குவப்படுத்தித் தர, அதுவே கறையானுக்குத் தீனி. மழையில் மண் இளகியதும் அந்தப் பூஞ்சணம் குடை விரித்து வெளியே வருகிறது. இடியோடு மழையும் வருவதால் பெயர் இடிக்குப் போய்விட்டது.

புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கறையான் அடுக்கு வரை இறங்கும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். மெதுவாக அசைத்து எடுத்தால் போதும். கடப்பாரை போட்டுப் புற்றை உடைத்தால் அடுத்த வருடம் அந்த இடத்தில் காளான் இருக்காது. விரிந்த காளான் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும் என்பதால், அன்றே பறித்து அன்றே சமைக்க வேண்டும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

வெள்ளையாக இருப்பதெல்லாம் புற்றுக்காளான் அல்ல. மழைக்காலத்தில் புல்தரையில் பெரிதாக முளைக்கும் ஒரு வெள்ளைக் காளானின் அடிமடிப்புகள் முற்றும்போது பச்சையாக மாறும். அதைத் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். அதைவிடக் கொடியது, அடித்தண்டில் கிண்ணம் போன்ற உறையும் மேலே வளையமும் கொண்ட சில வகைகள். அவற்றின் நஞ்சு 6 மணி நேரத்துக்குப் பிறகே வெளிப்படும். வாந்தி, பேதி நின்று உடம்பு தேறியதுபோல் தோன்றும் நேரத்தில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதையும் நம்பக் கூடாது. அந்த ஊரில் பல காலம் பறித்துப் பழகியவர் காட்டாத காளானை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். சாப்பிட்ட பின் உபாதை என்றால், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவும் கூடாது.

கறையான் இல்லாமல் வளராது என்பதால், புற்றுக்காளானைக் குடிலில் பயிரிட முடிவதில்லை. விற்பனைக்கு வளர்க்க நினைப்பவர்களுக்குச் சிப்பிக்காளானும், வெப்பம் தாங்கும் பால்காளானும் ஏற்றவை. பயிற்சிக்கு வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

வரப்பு ஓரத்துப் புற்றால் பயிருக்குச் சேதம் இல்லையென்றால், மருந்து ஊற்றாமல் விட்டுவிடலாம். சருகு மக்கும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மழைக்கு மறுநாள் ஒரு வேளைக் குழம்புக்கும் வழி கிடைக்கும்.