பனிக்கூரையின் கீழ்

அமெரிக்காவின் வடபகுதியில் உள்ளது மினசோட்டா மாநிலம். அங்குள்ள மில் லாக்ஸ் ஏரி குளிர்காலத்தில் உறைந்து வெண்ணிலமாக மாறுகிறது. அதன்மீது மீன்பிடிப்போர் சிறு குடில்களை நிறுத்துகின்றனர். இரவில் அவற்றின் விளக்கொளி, ஏரியின்மேல் ஓர் ஊரே குடியேறியது போலத் தோன்றும்.

தூண்டிலுடன் வரும் முதியவர் கடப்பாறையால் பனியைக் குத்திப் பார்த்தபடியே நடக்கிறார். பனிக்கட்டி 10 செ.மீ. தடிப்பேனும் இல்லையெனில் அதன்மேல் நடப்பது உயிருக்கு ஊறு. குடிலுக்குள் துளையிட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, அடுப்பருகே அமர்கிறார். துளையில் படியும் பனியை அவ்வப்போது கரண்டியால் அள்ளி எறிகிறார்.

நீர் 4 டிகிரி செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெறும். ஆதலால் அந்நீர் ஆழத்தில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கிறது. குளிரின் கொடுமையாகத் தோன்றும் அப்பனியே மீன்களுக்குக் கூரை. அங்கு வாழும் 'வால்ஐ' மீனின் விழியில் ஒளியை எதிரொளிக்கும் படலம் உண்டு. அது மங்கிய ஒளியிலும் இரை தேடும். இரவெல்லாம் காத்திருப்பது அதற்காகவே.

நள்ளிரவில் தூண்டில் நுனி அசைகிறது. அன்று கிடைத்த மீன் அது ஒன்றே. அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார்; எடுத்துச் செல்ல விதிக்கப்பட்ட அளவுக்குள் அது அடங்கவில்லை. ஏரியில் அவ்வினம் குறைந்ததால் கடுமையாக்கப்பட்ட விதி அது. குடிலில் வேறெவரும் இல்லை. எனினும், நனைத்த கையால் மீனை ஏந்தித் துளைவழியே நீரில் விடுகிறார்.

மார்ச்சு மாதத்தில் பனி இளகுமுன் குடில்கள் அகற்றப்படும். நீரில் விடப்பட்ட மீன்கள் மட்டும் ஏரியில் எஞ்சும். வரும் ஆண்டுகளின் இரவுகள் அவற்றை நம்பியே உள்ளன.