சீவரம் களைந்தவர் காட்டும் அங்கோர்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் அங்கோர் கோயில்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளில் முன்னாள் பிக்குகள் பலர் உண்டு. ஏழை வீட்டுப் பையன்கள் விகாரையில் சேர்வார்கள்; சோறும் படிப்பும் கிடைக்கும், பாலி மொழியோடு ஆங்கிலமும் பழகிவிடும். சில ஆண்டுகள் கழித்துத் துறவாடையான சீவரத்தைக் களைந்து இல்லறத்துக்குத் திரும்பினால் அங்கே யாரும் குறை சொல்வதில்லை. உரிமம் வாங்கிக் கோயில் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கம் பிழைத்திருப்பதே பெரிய விஷயம். 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சி பிக்குகளின் சீவரத்தைப் பலவந்தமாகக் களைய வைத்தது, பலரைக் கொன்றது. ஆட்சி கவிழ்ந்ததும் துறவு மீண்டும் தொடங்கியது. ஆனாலும் 1980களின் பெரும்பகுதியில் 50 வயது கடந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இளைஞர்கள் விகாரைக்குத் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில். பின்னால் பௌத்தத் தலமானது. மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமாலை மக்கள் இன்று ‘தா ரீச்’ என்று கும்பிடுகிறார்கள். மேனியில் காவித் துணி, முன்னால் ஊதுபத்தி. இது இந்துக் கோயிலா, பௌத்தக் கோயிலா என்ற கேள்வி நம்மைப் போன்ற பயணிகளுக்குத்தான். அங்கே வளர்ந்தவருக்கு இது கும்பிடுகிற இடம்.

ஆனால் முன்னாள் பிக்குவின் கண் உண்மையில் உதவுவது பிரேயா கானில். ஏழாம் ஜெயவர்மன் தன் தந்தையின் நினைவாக எடுத்து, 1191இல் குடமுழுக்கு நடத்திய பௌத்தக் கோயில் அது. சுவர் நெடுகச் சின்னச் சின்ன மாடங்கள். புத்தர் இருந்த இடத்தில் உளி கொத்திய பள்ளம். 13ஆம் நூற்றாண்டில் சைவம் மறுபடி ஓங்கியபோது, எட்டாம் ஜெயவர்மன் காலத்தில் இந்த அழிப்பு நடந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. விரைந்து கடப்பவருக்கு அது வெறும் சிதைந்த கல். சம்மணமிட்டு ஆண்டுக்கணக்கில் தியானம் செய்தவருக்கோ அந்தப் பள்ளத்தின் விளிம்பே போதும்: இது முழங்கால், இது தோள், மடியில் கை இருந்தது இங்கே என்று காட்டிவிடுவார். சில மாடங்களில் புத்தரை முழுதும் அழிக்காமல் தாடி செதுக்கி முனிவராக்கியிருக்கிறார்கள். அதையும் அவரே கண்டுபிடித்துச் சொல்வார். அழித்தவர்களும் பக்தர்கள்தான் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

அழிந்ததெல்லாம் போய்விடவில்லை. அங்கோரிலேயே உள்ள பேயோன் கோயிலின் நடுக் கோபுரத்தடியில் ஒரு குழியில், நாகத்தின் மேல் அமர்ந்த 3.6 மீட்டர் உயரப் புத்தர் துண்டு துண்டாக 1933இல் கிடைத்தார். ஒட்டிச் சேர்த்து அருகிலேயே வைத்தார்கள். இன்றும் வழிபாடு நடக்கிறது.

பயணத் திட்டங்கள் பிரேயா கானை அவசரமாக முடித்துவிடும். விடாதீர்கள். அரை நாள் ஒதுக்குங்கள். வழிகாட்டியிடம் முதலில், எந்த விகாரையில் இருந்தீர்கள் என்று கேளுங்கள்.