தகர வேலிக்கு உள்ளே

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்கண்டார் குடிநுழைவு வளாகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு காலி மனை. மூன்று பக்கம் தகர வேலி. எப்போதோ கடைவீடுகள் நின்றிருக்கின்றன. இடித்தவர்கள் தரையை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள். பச்சை ஓடு பதித்த ஒரு குளியலறைத் தளம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் நாலைந்து மோட்டார்சைக்கிள்கள். வண்டியை இங்கே விட்டுவிட்டு, சிங்கப்பூர் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள் இளைஞர்கள். ஓடிக்கொண்டே ஒருவன் கேட்கிறான்:

"அண்ணே, அடுத்த மாசமும் இங்கதானே?"

"நிலத்துக்காரங்க விடுற வரைக்கும்தான் தம்பி."

காவல் பெரியவர் டார்ச்சை அடுத்த வண்டியின் எண்மீது திருப்புகிறார்.

வேலி இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அடுத்த மனையில் தூண்கள் மட்டும் எழும்பி, கம்பிகள் துருவேறி நிற்கின்றன. 1997 நிதி நெருக்கடியில் இப்படிப் பாதியில் நின்றுபோன வேலைகளை ஜொகூர் பாரு நிறையப் பார்த்துவிட்டது.

ஊர் அதற்காக வளராமல் இருந்ததா? இல்லை, வெளிப்பக்கமாக வளர்ந்தது. மவுண்ட் ஆஸ்டின் கித்தாத் தோட்டம் தாமானாகிக் கடைத்தெருவாகியது. மேற்கே செம்பனை நின்ற நிலத்தில் நூசாஜெயா எழுந்தது. இன்று அதுதான் இஸ்கண்டார் புத்ரி. பால் வெட்டி, பழக்குலை சுமந்து, பிள்ளை பெற்று, கோயில் கட்டித் தமிழர்கள் வாழ்ந்த தோட்ட நிலம் மேம்பாட்டாளருக்கு எளிதாகக் கிடைத்தது. யாருமே வாழாத நடுநகர மனைதான் கிடைக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

காரணம் மண்ணில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. தோட்டத்துக்கு ஒரே உரிமையாளர், ஒரு கம்பெனி. ஒரு கையெழுத்து போதும். லயத்து வீட்டுக்காரனின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. நகரத்துக் கடைவீடு பாட்டன் பெயரில் கிடக்கும். பேரப்பிள்ளைகள் கடல் தாண்டிப் போயிருப்பார்கள். ஒருவர் விற்கலாம் என்பார், இன்னொருவர் பொறுக்கலாம் என்பார். பொறுப்பதில் லாபமும் உண்டு. இந்த ஊரின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்ல முடிகிற திட்டம். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. இப்படிப்பட்ட நேரத்தில் புல் முளைத்த மனையை விற்க யாருக்கு அவசரம்?

2025 ஆகஸ்டில் நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதா மலேசிய நாடாளுமன்றத்துக்கு வந்தது. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடமென்றால் 80 விழுக்காடு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்றது அது. அதைத் தாண்டியதென்றால் 75. கைவிடப்பட்டதோ ஆபத்தானதோ என்றால் 51 போதும். இந்த விழுக்காடுகள் எல்லாம் உரிமையாளரைத்தான் எண்ணின. மேல்மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர், கடைமுன் ஐந்தடி நடையில் இடியாப்பம் விற்கும் அக்கா, டார்ச் பிடித்த இந்தப் பெரியவர் ஆகியோர் எந்த விழுக்காட்டிலும் சேரவில்லை. நிலம் புழக்கத்துக்கு வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் அங்கே அன்றாடம் பிழைப்பவர்களுக்கும் ஒரு நிரல் ஒதுக்கிய பிறகே அந்தக் கணக்கை நான் நியாயமென்று ஒப்புவேன்.

நிலம் சொந்தமாவது என்ன செய்யும் என்பதற்கு இதே ஊரில் ஒரு சான்று உண்டு. ஜாலான் தெப்ராவ் ஓரமாக, ரயில் தண்டவாளத்தை ஒட்டி அருள்மிகு ஶ்ரீ ராஜகாளியம்மன் கோயில் இருக்கிறது. 1922இல் அது ஒரு குடிசைக் கோயில். தண்டவாளத்து ஓரம் அன்று யார் கண்ணிலும் விலையுள்ள இடமாகப் பட்டிருக்காது. ஆனால் அந்த நிலம் சுல்தான் இந்தியர்களுக்குக் கொடுத்தது. காலடி மண் தங்களுடையது என்ற தெம்பு இருந்ததால் 1990களில் பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். 2009 வாக்கில் ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிறார்கள். தோட்டத்துக் காளிகளில் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிலம் கைமாறியபோது, லயத்து மக்களோடு அவர்களும் இடம் பெயர வேண்டியிருந்தது.