விண்ணப்பப் பாரமும் ரதத்துக் கொக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

நம்ம ஆலயத்தில வருஷா வருஷம் சரஸ்வதி பூசை அன்னிக்குப் பிள்ளைங்களுக்குக் கல்வி ஊக்குவிப்பு கொடுக்கிறோம். பொன்னாடை, சான்றிதழ், சின்னதா ஒரு தொகை. விண்ணப்பப் பாரத்தை வாங்கி ரிசல்ட்டைச் சரிபார்க்கிற வேலை என்னுது. எட்டு வருஷமா செய்றேன். பாரத்தில மூணே மூணு கட்டம்: எஸ்பிஎம், எஸ்டிபிஎம், பல்கலைக்கழகம். எத்தனை ஏ என்று எழுதணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு அக்கா மகனுக்காகப் பாரம் கொண்டு வந்தாங்க. தோட்டத்து லயத்தில இருந்த காலத்தில இருந்தே நம்ம கோயில் குடும்பம். புருஷன் செம்பனைத் தோட்டத்தில டிராக்டர் ஓட்டினவரு, இப்ப இல்லை. மகன் தொழிற்கல்லூரியில வெல்டிங் படிக்கிறான். மாணவர் திறன் போட்டிக்குக் கல்லூரியில இருந்து அவனைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. அந்தக் கடிதத்தைப் பாரத்தோட பின் பண்ணி எடுத்து வந்திருந்தாங்க.

"அக்கா, இதுக்குக் கட்டம் இல்லையே"ன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. "சரி, ஜெயிச்சிட்டு வரட்டும், பார்ப்போம்"னு நானே ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரி அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அவங்ககிட்ட கார் இல்லைன்னு தெரியும். போட்டி அன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு போன் பண்ணினேன்.

போகிற வரைக்கும் எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரெண்டு இரும்பை ஒட்ட வைக்கிறதில என்ன போட்டின்னுதான் நினைச்சேன். அங்கதான் தெரிஞ்சது, இது உலக அளவில நடக்கிற விஷயம். 1950-ல மாட்ரிட் நகரத்தில ஸ்பெயின், போர்த்துகல் ரெண்டு நாட்டுப் பிள்ளைங்களை வெச்சு ஆரம்பிச்சது, இன்னிக்கு வேர்ல்டு ஸ்கில்ஸ் என்கிற பேர்ல நடக்குது. 2024-ல பிரான்சு லியோன்ல நடந்தது. பெரும்பாலான பிரிவுக்கு 22 வயசு வரைக்கும்தான். வெல்டிங் மட்டும் இல்லை, டிராக்டர், கனரக வண்டி பழுது பார்க்கிறதுக்கும் பிரிவு இருக்கு. கோளாறை வேணும்னே வெச்சு இஞ்சினைக் கொடுப்பாங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சுச் சரி பண்ணணும். அமெரிக்காவில பார்த்தா 1928-ல ஆரம்பிச்ச எஃப்எஃப்ஏன்னு ஒரு மாணவர் சங்கம். விவசாயப் பிள்ளைங்க நீல ஜாக்கெட் போட்டுக்கிட்டு வெல்டிங், ஒயரிங், டீசல் இஞ்சின், ஹைட்ராலிக்னு பண்ணை இயந்திர வேலையில போட்டி போடுறாங்க. நம்ம தோட்டத்து ஒர்க்‌ஷாப்ல எண்ணெய்க் கறையோட நின்ன அப்பாமார் செஞ்ச அதே வேலைதான். அவங்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

போட்டியில தம்பிக்குக் கிடைச்சது கொஞ்சம் தகடு, குழாய், ஒரு வரைபடம், ஒரு நேரக் கணக்கு. ஒட்டுப் போட்டு முடிச்ச பிறகு மேல கிரைண்டர் வெச்சு அழகு படுத்தக்கூடாது, கை போட்டது போட்டபடி நிக்கணும். நடுவில ஓர் இடத்தில நிறுத்தச் சொல்லுவாங்க. மறுபடி ஆரம்பிச்ச இடமும் மத்த இடம் மாதிரியே இருக்கணும். கடைசியில மூடின பெட்டி மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுக்கணும், அதுக்குள்ள தண்ணியை அழுத்தி ஏத்திப் பார்ப்பாங்க.

அக்கா கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தூரத்தில நீல வெளிச்சம் பளிச் பளிச்சுன்னு வருது, எந்தத் தடுப்புக்குள்ள மகன் இருக்கான்னு கூடத் தெரியாது. மறுநாள் தண்ணிச் சோதனை. தம்பி செஞ்ச பெட்டியில ஒரு மூலையில ஒரே ஒரு சொட்டு வந்தது. நிறுத்தி மறுபடி ஆரம்பிச்ச இடம். அவ்வளவுதான், பதக்கம் இல்லை.

திரும்பி வர்ற வழியில அவன் ஒரு வார்த்தை பேசல. ஆர் அண்ட் ஆர்ல நிறுத்தி மைலோ வாங்கிக் கொடுத்தேன். அப்பதான் சொன்னான்: "மேல அழகா இருந்துச்சு அண்ணே. உள்ளதான் பிடிக்கல."

சில மாதம் போச்சு. பங்குனி உத்திரத்துக்கு மூணு நாள் முன்ன ரதத்தை வெளியே எடுத்துக் கழுவிக்கிட்டு இருந்தோம். தம்பியும் வந்திருந்தான். டிராக்டர்ல ரதத்தை இணைக்கிற இழுவைக் கம்பி இருக்கு பாருங்க, அதோட ஒட்டுப் பக்கம் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தான். பெயிண்ட்ல மெல்லிசா ஒரு துருக் கோடு. "அண்ணே, இதை யார் போட்டது?"ன்னு கேட்டான்.

யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். முந்தின வருஷம் குறைஞ்ச விலைக்கு ஒருத்தரைப் பிடிச்சுப் போட்டது நான்தான். பில்லில கையெழுத்து என்னுது.

பெயிண்டைச் சுரண்டிட்டு, மறுநாள் ஸ்பிரே டப்பாவோட வந்தான். முதல்ல சிவப்புச் சாயம் அடிச்சு ஊற விட்டான். துடைச்சான். அதுக்கு மேல வெள்ளையா மாவு மாதிரி ஒண்ணு அடிச்சான். கொஞ்ச நேரத்தில அந்த வெள்ளையில சிவப்பா ஒரு கோடு மேல வந்தது, திருநீற்றுக்கு நடுவில குங்குமம் இழுத்த மாதிரி. ஒட்டு பாதி நீளத்துக்கு வெடிச்சிருக்கு. மேல மட்டும் பூசின மாதிரி இருக்கு, அடியில இரும்போட இரும்பு சேரவே இல்லை. அந்த ரதத்துக்குப் பின்னாலதான் நம்ம பிள்ளைங்க கோலாட்டம் ஆடிக்கிட்டு வருவாங்க. ஏத்தமான ரோடு வேற.

நான் அவசரப்பட்டு, "மேல ஒண்ணு ஓட்டி விட்டுடு தம்பி"ன்னேன். மாட்டேன்னுட்டான். பழைய ஒட்டு முழுசையும் கிரைண்டர்ல தோண்டி எடுத்தான். அடுப்புப் பெட்டியில சூடா வெச்சிருந்த ராடுதான் வேணும், ஈரம் பட்டது ஆகாதுன்னு கல்லூரியில கேட்டு வாங்கி வந்தான். அடியில இருந்து அடுக்கு அடுக்காப் போட்டான், ஒவ்வொரு அடுக்குக்கும் கசடைத் தட்டிச் சுத்தம் பண்ணிட்டுத்தான் அடுத்தது. சீக்கிரம் ஆறட்டும்னு நான் ஒரு வாளித் தண்ணியோட போனேன். "ஐயோ அண்ணே, ஊத்தாதீங்க, மறுபடி வெடிச்சிடும்"னு கத்தினான். பக்கத்தில இருந்த தொண்டர்மார் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. முடிச்ச பிறகும், "நான் போட்டதை நானே நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாது, எங்க சாரைக் கூட்டிட்டு வரேன்"ன்னான். அவர் வந்து பார்த்துத் தலையாட்டின பிறகுதான் பெயிண்ட் அடிக்க விட்டான்.

அந்த வருஷம் ரதம் நல்லபடியா ஊர்வலம் போய் வந்தது.

இதை நிர்வாகக் கூட்டத்தில சொன்னேன். பாரத்தில நாலாவதா ஒரு கட்டம் வேணும்னேன். ஒரு பெரியவர் நியாயமாத்தான் கேட்டாரு: "ஜெயிக்காதவனுக்கு என்னன்னு கொடுக்கிறது? எல்லாரும் கேட்பாங்களே." நான் ரதத்து பில்லை எடுத்து மேசையில வெச்சேன், என் கையெழுத்தோட. அதுக்கு மேல எனக்குப் பேச வரல. ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, ஒரு கட்டத்தில டீ கூட ஆறிப் போச்சு. கடைசியில ஒத்துக்கிட்டாங்க.

அதனால இந்த வருஷப் பாரத்தில "தொழில்திறன்" என்று ஒரு கட்டம் இருக்கு. மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம், எந்த நிலை முடிச்சிருந்தாலும் எழுதலாம். திறன் போட்டியில கலந்துக்கிட்டவங்க கல்லூரிக் கடிதத்தை வெச்சாப் போதும், பதக்கம் கேட்க மாட்டோம். வெல்டிங், மோட்டார், ஒயரிங், சமையல், தையல் எதுவா இருந்தாலும் சரி. பாரம் ஆலய அலுவலகத்தில சாயந்திரம் 7 மணியில இருந்து 9 மணி வரைக்கும் கிடைக்கும். வெட்கப்பட்டுக்கிட்டு வராம இருக்காதீங்க. அந்த அக்கா வீட்டுக்கு நானே கொண்டு போய்க் கொடுத்துட்டேன்.

தம்பி இப்ப ஜொகூர் பக்கம் வேலையில இருக்கான். நேத்து வாட்சாப்ல பாரத்தை அனுப்பினேன். அதுக்குப் பதிலே இல்லை. "கொக்கியைப் பார்த்தீங்களா அண்ணே? வருஷத்துக்கு ஒருதரம் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க"ன்னு மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிஞ்சதும் சுரண்டப் போறேன். ரெண்டு பேர் கை கொடுத்தா நல்லா இருக்கும்.